நீல ஜீப்பின் ஊளை

மக்களுக்கு நன்மை செய்வது எளிது. செய்த நன்மையை மக்களுக்குத் தெரியவைப்பதுதான் கஷ்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு வாக்கில், சென்னையில் ஒரு மின்விசிறிக்குக் கீழே இந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்டது. நன்மை செய்வதற்கு ஏற்கெனவே போதுமான இலாகாக்கள் இருந்தபடியால், தெரியவைப்பதற்கென்று புதிதாக ஓர் இலாகாவை உண்டாக்கினார்கள். இலாகா என்று ஒன்று பிறந்துவிட்டால் அதற்கு முதலில் வேண்டியது ஜீப். அப்படி வாங்கிய ஜீப்புகளில் ஒன்று கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது.

ஜீப்பின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். உள்ளே ஒரு மைக் செட். அதற்கு மின்சாரம் கொடுக்க ஜீப்பின் பாட்டரி. இவை அனைத்துக்கும் மேலாக மலைவட்டார விளம்பர அதிகாரி என்ற பதவியில் சுவாமிநாதன் நியமிக்கப்பட்டார். சமவெளிக்காரர், மே மாதத்திலும் கழுத்திலிருந்து மஃப்ளரை எடுக்காதவர். நல்ல மனிதர். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதிவிட்டால் உலகத்தில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிடும் என்று மனதார நம்பினார். ஜீப்பை ஓட்டிய ஞானவேல் பழனிக்காரர். அரசாங்க ஜீப் கிடைத்த நாளிலிருந்து அதற்குத் தடவுகிற மாதிரி தம் சொந்தத் தலைக்குக்கூட அவ்வளவு அக்கறையாக எண்ணெய் தடவியதில்லை என்று அவர் மனைவியே சொன்னாள்.

இந்த ஜீப் போக வேண்டிய ஊர்களில் தலையாயது கீழக்கூம்பை. மலைக்குப் பின்புறம், ஓர் ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. ரோடு இக்கரையோடு முடிந்துவிடும். கோடையில் ஓடைக் கற்களில் கால் வைத்துத் தாண்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஓடைக்கு வருகிற ஆத்திரத்தைப் பார்த்தால், அதுவும் பல தடவை மனுப்போட்டுப் பதில் வராமல் இருந்ததோ என்று தோன்றும். ஊரார் விளைவிக்கிற பூண்டும் உருளைக்கிழங்கும் அக்கரையிலேயே முளைவிடும். நோயாளியை டோலியில் தூக்கி வந்தவர்கள் தண்ணீர் வடிகிறவரை டோலியோடு உட்கார்ந்திருப்பார்கள். வேலுத்தாய் என்ற பூண்டு வியாபாரிப் பெண் ஒரு மழைக்காலத்தில் துணிந்து கோவேறு கழுதையை ஓட்டிவிட்டாள். கழுதை கீழே எங்கேயோ கரையேறித் தானாக வீடு வந்து சேர்ந்தது. மூட்டைகள் வரவில்லை.

ஆகவே கீழக்கூம்பைக்கு வேண்டியது ஒரு பாலம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதற்கு மனுக்கொடுத்து வந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு பதில் வர ஆரம்பித்தது. கடைசியாக வந்த பதிலில், பாலத் திட்டத்தின் பயன்களைப் பற்றி விளம்பர ஜீப் மூலம் மக்களுக்கு அறிவிக்கப்படும் என்று இருந்தது. ஊர் மணியகாரர் பொன்னுச்சாமி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஜீப் வந்தால் பாலம் பின்னாலேயே வந்துவிடும் என்று ஊருக்குச் சொன்னார்.

பொன்னுச்சாமியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கீழக்கூம்பைக்கு நேர் மேலே மேட்டில் மேலக்கூம்பை இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஆகாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது எந்த ஊர்க் காவடி முன்னால் போவது என்பதில் ஆரம்பித்த சண்டை. முருகன் அதை மறந்திருப்பான், இவர்கள் மறக்கவில்லை. மேலக்கூம்பையில் மழை பெய்தால் இவர்கள் குடை பிடிக்க மாட்டார்கள். பொன்னுச்சாமிக்குப் பாலம் வேண்டும்தான். மேலக்கூம்பைக்கு முன்னால் வேண்டும்.

ஜீப்புக்கு முதலில் இருந்தது பட்டாளத்துப் பச்சை நிறம். விளம்பர ஜீப்புகள் வான நீலமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. துளி இடமும் விடாமல் மூன்று பூச்சுப் பூச வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. பழனியில் ஒரு பெயிண்டர் அந்த உத்தரவை முழு மனதோடு நிறைவேற்றினார். கதவு, சக்கர மரை, இருக்கைக்கு அடியில் இருக்கும் தகடு, சட்டத்தில் மைக் செட்டின் எர்த் வயரை முடுக்கும் இடம், எல்லாம் நீலமாயின. ஞானவேல் ஜீப்பின் நெற்றிக்குச் சந்தனம் வைத்து மலைக்கு ஓட்டிவந்தார்.

அன்றைக்கே ஊளை ஆரம்பமாகிவிட்டது.

இன்ஜினைப் போட்டால் குழாய்களிலிருந்து 'ஊ' என்று ஒரு சத்தம். வேகத்தை மிதித்தால் அதுவும் சேர்ந்து மேலே ஏறும். விட்டால் இறங்கும். அதற்கு நடுவில் சுவாமிநாதன் பேசுவது, பக்கத்து வீட்டில் யாரோ வாய் கொப்பளிப்பது மாதிரி கேட்டது. பாட்டரி கிழடாகிவிட்டிருந்ததால் இன்ஜினை ஓட்டிக்கொண்டுதான் பேசவும் வேண்டும்.

கீழக்கூம்பைக்கு முதல் பயணம் போனார்கள். ஊரே ஆவலோடு அக்கரையில் நின்றது. சுவாமிநாதன் சென்னையிலிருந்து வந்த உரையை எடுத்து வாசித்தார். ஊளை எழுந்தது. ஞானவேல் அதை அடக்க வேண்டும் என்று நினைத்து வேகத்தை மிதித்தார். மேலே அணை ஏதோ உடைந்துவிட்டது, அதற்குத்தான் சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்த ஊர், ஆட்டையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. மேலக்கூம்பை எல்லை வந்ததும் நின்றுவிட்டது. வெள்ளமே வந்தாலும் அதற்கு மேல் போவது மரியாதை இல்லை. 'உரையைக் கேட்ட பொதுமக்கள் ஆண், பெண், குழந்தைகள் சகிதம் பேரெழுச்சியுடன் திரண்டனர்' என்று சுவாமிநாதன் அன்றைக்கே அறிக்கை அனுப்பினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. சத்தத்தில் கோளாறு என்று மேலிடத்துக்கு எழுதினார். வண்டிப் பிரிவு ஆட்களை அனுப்பியது. அவர்கள் மைக் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஜீப்பை ஓட்டிப் பார்த்தார்கள். ஊளை இல்லை. ஜீப் நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று கொடுத்தார்கள். பிறகு ஒலிப் பிரிவு வந்தது. அவர்கள் மைக் செட்டை மேசையில் வைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஊளை இல்லை. அதற்கும் சான்று கிடைத்தது. கோளாறு இரண்டும் சேரும்போது மட்டும்தான் வந்தது. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், கல்யாணம் ஆனால்தான் சண்டை என்கிற கதை. சேருவதற்கென்று தனியாக ஒரு பிரிவு இலாகாவில் இல்லை.

கடைசியில் தண்டாயுதபாணி என்ற ஒலிப் பொறியாளரை மதுரையிலிருந்து அனுப்புவதாக முடிவாயிற்று. கார்த்திகையில் முடிவானது, அவர் சித்திரையில் வந்தார். கொடைக்கானலில் உள்ள கோளாறுகளை ஆராய்வதற்கு ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை என்பது அரசாங்கத்தில் யாரும் மறுக்காத கொள்கை. மனைவி, மாமியார், மைத்துனர் ஆகியோருடன் வந்த அவர், படகுச் சவாரி, பேரிக்காய் விசாரணை எல்லாம் முடித்து, ஊர் திரும்பும் நாளில் ஜீப்பைப் பார்த்தார். தம் தொழிலை நன்றாகத் தெரிந்தவர். வெற்றிலை ஒரு தரம் போட்டுத் துப்புவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

மைக் செட்டின் எர்த் வயர் ஜீப்பின் இரும்பைத் தொட வேண்டும். அது பெயிண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் டைனமோவின் இரைச்சல் அப்படியே குழாய்க்கு வருகிறது. அவ்வளவுதான்.

"அதுக்கு என்ன செய்யணும்?" என்றார் சுவாமிநாதன்.

"பாக்கு அளவு இடத்துல பெயிண்டைச் சுரண்டிட்டா போதும். ஒரு பேனாக்கத்தி இருந்தாப் போதும், ஸார்."

"இந்தாங்க கத்தி. சுரண்டுங்க."

தண்டாயுதபாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் ஒலிப் பிரிவு, ஸார். பெயிண்டு வண்டிப் பிரிவு. கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. நீக்கச் சொல்லலை."

சுவாமிநாதன் கத்தியை ஞானவேலிடம் நீட்டினார். ஞானவேல் இரண்டு அடி பின்னால் போனார். "பெயிண்டுல ஒரு கீறல் விழுந்தா என் சம்பளத்துல பிடிப்பாங்க சார். தெனமும் வெள்ளனே எந்திரிச்சுத் தொடைச்சு வச்சிருக்கேன். எங்கிட்டப் போயி நீங்க கத்தியக் குடுக்குறீங்களே."

சுவாமிநாதன் கத்தியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்துவதற்கு என்ன தண்டனை என்பது அவருக்குத் தெரியும். கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அனுமதி கேட்டு எழுதினார்.

அனுமதி வந்தது. நம் அரசாங்கம் பதிலே போடாது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேற்படி இடத்தில் பெயிண்டைச் சுரண்டிக்கொள்ளலாம்; சுரண்டிய இடம் துருப்பிடிக்காமல் இருக்கும்பொருட்டு, வயரை மாட்டுவதற்கு முன்னால் அதே இடத்தில் அதே நீலப் பெயிண்டை மூன்று பூச்சுப் பூசிவிட வேண்டும் என்று உத்தரவு. ஒரு வண்டிப் பிரிவுக்காரர் வந்து சுரண்டினார். சுரண்டிப் பூசினார். காயவிட்டு வயரை முடுக்கினார். இன்ஜினைப் போட்டார்கள். ஊளை புதுத்தெம்போடு எழுந்தது.

இதற்கிடையில் ஊளைக்கு நகரத்தில் ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது. அப்போது கார் ரேடியோ கொடைக்கானலில் புது நாகரிகம். எஸ்டேட் முதலாளிகளும் ஓட்டல்காரர்களும் ரேடியோவை வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றுவார்கள். மலை குறுக்கே நிற்கிறதால் ரேடியோவில் பாதி நேரம் ஒன்றும் கேட்காது. ஆனாலும் கேட்பதற்காக அதை யாரும் வாங்கவில்லை. இவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நீல ஜீப் ஊளையிட்டு வந்தால் ஏழு ரோடு சந்திப்பில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்திச் சலாம் வைத்தார். சத்தமில்லாத காருக்கு வைக்கவில்லை.

ஒரு முதலாளி காரைக் கடைவீதி ரேடியோ மெக்கானிக் சேனாதிபதியிடம் கொண்டுபோய், அந்தச் சத்தத்தை இதிலும் வரவைக்க முடியுமா என்று கேட்டார். சேனாதிபதி எர்த் வயரைக் கழற்றிவிட்டார். வந்தது. சீசன் முடிவதற்குள் ஏரிக்கரையில் ஊளையிடாத கார் வாடகைக் கார் என்று ஆகிவிட்டது. அதுவரை ரேடியோவில் இரைச்சலை எடுப்பதற்குக் கூலி வாங்கி வந்த சேனாதிபதி, இரைச்சலைப் போடுவதற்கு அதைவிட அதிகமாக வாங்கினார். சுந்தராம்பாள் என்ற பங்களாக்கார அம்மாள் மட்டும், தன் காரின் ஊளை போதுமான அளவு அரசாங்கத்தனமாக இல்லை என்று இரண்டு முறை திருப்பிக் கொண்டுவந்தாள்.

கீழக்கூம்பையில் நாகரிகம் இவ்வளவு முன்னேறவில்லை. அவர்களுக்குப் பாலம்தான் வேண்டியிருந்தது. உரையைக் கேட்டால்தான் பாலத்தைப் பற்றித் தெரியும். ஊளை நின்றால்தான் உரை கேட்கும். ஆகவே சுவாமிநாதன் ஒரு தாற்காலிக ஏற்பாடு செய்தார். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டரியில் மட்டும் பேசுவது.

இந்த ஏற்பாட்டில் சத்தம் தெளிவாகவே வந்தது. ஆனால் உரையின் ஆரம்பத்தில் மேதகு, மாண்புமிகு, மதிப்பிற்குரிய என்று வரிசையாக வணக்கம் செலுத்த வேண்டிய பெரியவர்கள் இருந்தார்கள். இவர்களில் யாரையும் விட அதிகாரம் இல்லை. சுவாமிநாதன் கடைசிப் பெரியவரின் பாதத்துக்கு வருவதற்குள் பாட்டரி களைத்து, குரல் தடித்து, நின்றுவிடும். வாரம் தவறாமல் வந்தும் உரை ஒரு நாளும் வணக்கத்தைத் தாண்டவில்லை. நம்மை ஆள்கிறவர்களின் பெயர் அத்தனையும் கீழக்கூம்பை ஆட்டுப் பையன்களுக்கு மனப்பாடம் ஆனதுதான் கண்ட பலன்.

பாட்டரி செத்த பிறகு ஜீப் கிளம்பாது. ரோடு அங்கே நல்ல ஏற்றம். முதல் நாள் சுவாமிநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது பொன்னுச்சாமியே ஆள் கூப்பிட்டார். ஜீப்பின் முன்னால் இருந்த கொக்கியில் வடத்தைக் கட்டி, பழனியில் தேர் இழுக்கிற பாணியில், மேட்டு ரோடு வரை இழுத்துவிட்டார்கள். அடுத்த வாரமும் இழுத்தார்கள். பிறகு அதுவே முறையாகிவிட்டது. அந்தக் காலத்தில் சிரமதானம் என்ற சொல்லுக்கு நல்ல மவுசு. ரோடு போடு, குளம் வெட்டு என்று எல்லா ஊரிலும் மம்பட்டி எடுத்தார்கள். கீழக்கூம்பை மக்கள் ஜீப்பை இழுத்ததும் சிரமதானமாகவே பதிவாயிற்று. தன்னார்வ உழைப்பில் மாவட்டத்திலேயே முன்னணி ஊர் என்று பெயர் வந்தது.

வேலுத்தாய் ஒரு நாள் வடத்தைக் கீழே போட்டுவிட்டாள். "ஏன் மாமா, இம்புட்டு நேரம் இந்தக் கல்லைத் தூக்கி ஓடையில போட்டிருந்தா நாமளே பாதிப் பாலம் கட்டியிருப்போமே."

"கட்டலாம்த்தா," என்றார் பொன்னுச்சாமி. "நாமளே கட்டிக்கிட்டா அப்புறம் மேலக்கூம்பையான் என்ன சொல்லுவான்? கவருமெண்டு பாலம் குடுக்கலை, இவங்களே கல்லு தூக்கிப் போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லுவான். சோலியப் பாரு. வெரசா இழு."

வேலுத்தாய் இழுத்தாள். அந்த வருஷப் பூண்டும் அக்கரையில் முளைவிட்டது.

அடுத்த சீசனில் இலாகாவின் டைரக்டரே வருவதாகத் தகவல் வந்தது. ஊளையின் புகழ் சென்னை வரை போயிருந்தது. உரை முழுவதையும் தாமே கேட்டுத் திருப்தியடைந்தால்தான் பாலத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க முடியும் என்று அவர் எழுதியிருந்தார். கீழக்கூம்பை பரபரத்துக்கொண்டது. ஓடைக்கரையைக் கூட்டினார்கள். தோரணம் கட்டினார்கள். பாலத்துக்கு அஸ்திவாரக் கல் போடச் சொல்லிவிடலாம் என்று பொன்னுச்சாமி ஒரு நல்ல கல்லாகப் பார்த்து மஞ்சள் பூசி வைத்தார்.

டைரக்டர் தொப்பியும் கைத்தடியுமாக வந்து இறங்கினார். சீசனாகையால் தண்டாயுதபாணியும் குடும்பத்தோடு வந்திருந்தார். கோடைத் தண்ணீரில் கற்களில் கால் வைத்து ஊர் முழுவதும் இக்கரைக்கு வந்து நின்றது. சுவாமிநாதன் வழக்கம்போல இன்ஜினை நிறுத்தச் சொன்னார். டைரக்டர் தடியை உயர்த்தினார். இன்ஜினை ஓட்டிக்கொண்டே பேச வேண்டும்; அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தது என்றார்.

ஞானவேல் வேண்டிக்கொண்டு இன்ஜினைப் போட்டார். ஊளை வரவில்லை.

மறுபடியும் மிதித்தார். வரவில்லை. தண்டாயுதபாணி குனிந்து பார்த்தார். கொக்கியை முடுக்கியிருந்த அதே மரையில்தான் எர்த் வயரும் இருந்தது. வாரா வாரம் ஓர் ஊரே வடம் பிடித்து இழுத்ததில் கொக்கி முறுக்கிக்கொண்டு, மூன்று பூச்சுப் பெயிண்டையும் தின்று இரும்பைக் கடித்திருந்தது. வண்டிப் பிரிவும் ஒலிப் பிரிவும் சேர்ந்து செய்ய முடியாததை, யாருடைய அனுமதியும் இல்லாமல் சிரமதானம் செய்துவிட்டது.

சுவாமிநாதனுக்குக் கண் கலங்கியது. மஃப்ளரால் துடைத்துக்கொண்டு உரையை எடுத்தார். மேதகுகள் போனார்கள். மாண்புமிகுகள் போனார்கள். மதிப்பிற்குரியவர்களும் போனார்கள். அந்த உரை முதன்முதலாக வணக்கத்தைத் தாண்டி விஷயத்துக்குள் காலெடுத்து வைத்தது.

"கீழக்கூம்பைப் பெருமக்களே. தங்கள் நெடுநாளைய விருப்பமான பாலம் இனிதே கட்டி முடிக்கப்பட்டு, தங்கள் உபயோகத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பாலம் பெற்ற ஊரார், நன்றிக்கடனாக, அண்டை ஊராகிய மேலக்கூம்பைக்கு ரோடு போடச் சிரமதானம் செய்யுமாறு அன்புடன் அழைக்கிறோம். பாலத்தின் மேல் கூட்டமாக நிற்க வேண்டாம்."

எதிர்மலை அதை வாங்கி, நிற்க வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னது. ஊர் முழுவதும் திரும்பி ஓடையைப் பார்த்தது. டைரக்டரும் பார்த்தார். ஓடையில் கல் கிடந்தது. ஒரு நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

டைரக்டர் சுவாமிநாதனைத் தனியே அழைத்தார். "இதை இதுக்கு முன்னாடியும் வாசிச்சிருக்கீரா?"

"வாரா வாரம் வாசிக்கிறேன் சார். பாட்டரி நின்ன பிறகு மிச்சத்தை எனக்குள்ளேயே வாசிச்சு முடிச்சுடுவேன்."

"இங்கே பாலம் இல்லையே, ஐயா."

"இல்லை சார்."

"அப்புறம் எப்படி வாசிச்சீர்?"

"யாருக்கும் கேட்கலையே சார்," என்றார் சுவாமிநாதன். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கேட்காத வரைக்கும் அது பொய்யாகாது, கேட்கிற காலம் வருவதற்குள் பாலமும் வந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நினைத்திருந்தார்.

டைரக்டர் அனுபவசாலி. ஊராரை உட்காரச் சொல்லி நிலைமையை விளக்கினார். உரை கேட்டது என்று நீங்கள் சொன்னால், பாலம் வந்ததை ஒப்புக்கொண்டதாக ஆகும். மேலக்கூம்பை ரோட்டுக்கு மம்பட்டியோடு போக வேண்டியதுதான். கேட்டது, ஆனால் பாலம் இல்லை என்று சொன்னால், கட்டி முடித்த பாலம் எங்கே போயிற்று என்று விசாரணை வரும். விசாரணை முடிகிறவரை இந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது. மூன்றாவதாக ஒன்று உண்டு. உரை இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றால், ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாம் முன்போலவே இருக்கும்.

ஊர் கூடிப் பேசியது. வேலுத்தாய்க்கு இதில் பேசுவதற்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. "பாலம் இல்லைன்னு சொல்லிப்புடுங்க மாமா," என்றாள். "விசாரணை வந்தா வரட்டும். பத்து வருசம் ஆகட்டும். இல்லாததை இல்லைன்னு ஒருக்காச் சொன்னாத்தானே என்னைக்காச்சும் வரும்."

பொன்னுச்சாமிக்கு அவள் சொன்னது காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். அவர் மனசு மேட்டில் இருந்தது. "விசாரணைக்காரன் வந்து பாலம் இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டா? மேலக்கூம்பையான் ரோட்டுக்கு நம்ம ஆளு மண்ணு சொமக்கணுமாக்கும். அவன் மேல நின்னு வேடிக்கை பார்ப்பான். அதுக்கு நான் இந்த ஓடையிலயே விழுந்து போயிருவேன்." ஊரில் ஆண்கள் அத்தனை பேரும் அதுதான் சரி என்றார்கள். பெண்களும், வேலுத்தாயைத் தவிர, அதுதான் சரி என்றார்கள். மேலக்கூம்பையில் பெண் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட உரக்கச் சொன்னார்கள்.

பொன்னுச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டைரக்டர் முன்னால் வந்தார். "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்க ஐயா."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் முறைப்படி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று, மைக்கைத் தம் கையில் வாங்கி, உங்களில் எவருக்குமே ஒன்றும் கேட்கவில்லை என்பது நிச்சயம்தானா என்று குழாய் வழியாகவே கேட்டார்.

"ஆமாங்கய்யா, ஒண்ணும் கேக்கலைங்க," என்று ஊர் ஒரே குரலில் பதில் சொன்னது.

நிகழ்ச்சி மிகவும் திருப்திகரமாக முடிந்தது. சத்தக் கோளாறு நீங்கவில்லை என்று டைரக்டர் குறித்துக்கொண்டார். அது நீங்குகிறவரை சுவாமிநாதனின் பதவி நீடிக்கும் என்றார். ஞானவேலின் வேலைக்கும் ஆபத்து இல்லை. முறுக்கிய கொக்கியில் மட்டும் பெயிண்டு போயிருப்பதைப் பார்த்து அவர் சிறிது நேரம் அழுதார். தண்டாயுதபாணி ஒவ்வொரு சீசனிலும் வந்து கோளாறை ஆராய வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவர் மாமியாருக்கு இந்த மலைக்காற்று ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். பொன்னுச்சாமியிடம் டைரக்டர் தனியாகவே பேசினார். ஏற்கெனவே கட்டிய பாலத்தைப் பற்றிய அறிவிப்பு மக்களைப் போய்ச் சேராமல் நிலுவையில் இருக்கும்போது, அதே இடத்தில் இன்னொரு பாலத்துக்கு மனுவை எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அன்போடு எடுத்துச் சொன்னார். பொன்னுச்சாமி கைகூப்பி அதையும் ஒப்புக்கொண்டார். மேலக்கூம்பைக்கும் ரோடு வரப்போவதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. ஓடை கரைக்குக் கரை புரண்டுகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, அட்டவணைப்படி நீல ஜீப் இக்கரையில் வந்து நின்றது. அக்கரையில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. மழையிலும் இவ்வளவு ஆர்வமா என்று சுவாமிநாதன் மகிழ்ந்துபோனார். பூண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வேலுத்தாய், கையை ஆட்டி ஆட்டி எதையோ கத்தினாள். அவளுக்குப் பின்னால் ஒரு டோலி இருந்தது. டோலிக்குள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர் பொன்னுச்சாமி. நாலு நாளாகக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தவர்கள், தண்ணீர் வடியட்டும் என்று விடிந்ததிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

வேலுத்தாய் கத்தியது வெள்ளத்தின் இரைச்சலில் இக்கரைக்கு வரவில்லை. சுவாமிநாதனுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. அவர் மைக்கை எடுத்து, பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம் செலுத்தி, உரையை வாசித்தார். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. பாலம் இனிதே கட்டி முடிக்கப்பட்டிருப்பதும், அதன் மேல் கூட்டமாக நிற்கக் கூடாது என்பதும் வெள்ளத்துக்கு மேலே எழுத்து எழுத்தாக அக்கரைக்குப் போயின. வாசித்து முடித்ததும், கடமை தவறாதவரானபடியால், கேட்கிறதா என்று விசாரித்தார்.

வேலுத்தாய் கேட்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டோலி அசைந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, கேட்கவில்லை என்று ஆடியது. அதைப் பார்த்து ஊர் முழுவதும் கையை ஆட்டியது.